தோல் மிட்டாய் வீட்டுச் சின்னக்கா

அவர் என்னை முதலில் பார்த்தார் என்று சொல்ல முடியாது. முகர்ந்தார்.

ஆம்பூரில் அந்தச் சாக்லேட் கம்பெனியின் இரும்புக் கேட்டைத் தாண்டினால் ஒரு மர நாற்காலி கிடக்கும். அதில் ஐம்பது வயதைக் கடந்த ஒல்லியான அம்மாள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வேலை கேட்டுப் போன என்னைப் பக்கத்தில் வரச் சொன்னார், எழுந்தார், கண்களை மூடிக்கொண்டு என் தோள்பக்கம் குனிந்து நிதானமாக ஒரு மூச்சு இழுத்தார்.

"ஷூ கம்பெனிலருந்து வர்றியா?"

"ஆமாங்க."

"சொல்யூஷன் ஒட்ற டேபிள்ல இருந்திருக்கே. வீட்டுக்காரரு டேனரில இருக்காரு. காலைல கருவாடு."

மூன்றும் சரி. ஷூ ஒட்டுகிற பசையும் தோல் பதனிடுகிற டேனரியும் என் மேல் ஏறிக்கிடந்தன. எனக்குச் சுருக்கென்றது. ஏழை வீட்டுப் பெண்ணிடம் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம், உன் மேல் என்ன வாடை என்று மட்டும் சொல்லக் கூடாது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஜாதி இல்லை. "அந்த டேனரி வாடையிலதாங்க எங்க வீட்ல சோறு வேவுது" என்றேன். வேலை போனால் போகட்டும் என்றிருந்தது.

அவருக்குக் கோபம் வரவில்லை. "எங்கப்பாவும் டேனரி கிளார்க்குதான். உன்ன நாத்தம்னு நான் சொல்லல. இந்தச் சாக்லேட்டு இருக்குதே, அது ஒரு பேஜார் புடிச்ச பொருளு. பக்கத்துல இன்னா வாடை இருக்குதோ அத்த அப்டியே இழுத்து உள்ள வெச்சிக்கும். அதான் பாக்கறேன்" என்றவர், பின்கட்டைக் காட்டி, "கழுவிக்கினு வா" என்றார்.

பின்கட்டில் குளியலறை, வாடையே இல்லாத சோப்பு, கொடியில் வரிசையாகப் பருத்தி உடுப்புகள். வேலைக்கு வருகிற ஒவ்வொருத்திக்கும் ஒரு செட் அங்கேயே இருக்கும், அங்கேயே துவைத்து அங்கேயே காயும். வீட்டுத் துணி கேட்டுக்குப் பின்னால் இருக்கிற கூடத்தைத் தாண்டக் கூடாது. நான் குளித்துவிட்டு வந்தேன். மறுபடியும் கண்ணை மூடி முகர்ந்தார். "போ" என்றார். அவ்வளவுதான் என் இன்டர்வியூ.

முதலாளியின் தங்கை அவர். முதலாளிக்கும் அவருக்கும் நடுவில் ஒரு அக்கா இருந்து, கல்யாணமாகித் திருப்பத்தூர் போய்விட்டதால், இவர் எல்லோருக்கும் சின்னக்கா. அறுபது வயதுக் கிழவியும் அப்படித்தான் கூப்பிடுவாள். அவருடைய வாயிலிருந்து காலையில் இரண்டு தீர்ப்புதான் வரும். ஒன்று "போ". இன்னொன்று "கழுவிக்கினு வா". தேங்காயெண்ணெய், பவுடர், சாம்பிராணி, புது மருதாணி, தலைவலித் தைலம், எல்லாம் இரண்டாவது தீர்ப்புக்கு உரியவை. முக்கியமாகப் பூ. ஒரே ஒரு நாள் தவிர, ஒன்பது வருஷம் நான் வேலை நாளில் பூ வைத்ததில்லை. புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது மொட்டைத் தலையோடு வேலைக்குப் போகிறாளே என்று என் மாமியார் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எப்போதாவது மூன்றாவது தீர்ப்பும் வரும். ஒருநாள் பேக்கிங்கில் இருந்த பெண் ஒருத்தியை முகர்ந்துவிட்டு, "நேத்துலருந்து சாப்புடலியா?" என்று மெதுவாகக் கேட்டார். வெறும் வயிற்றுக்கும் ஒரு வாடை உண்டாம். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அவளைத் தன் அறைக்குக் கூட்டிப்போய், தனக்கு வைத்திருந்த இட்லியைத் தின்னவைத்துத்தான் உள்ளே விட்டார். ஏன் சாப்பிடவில்லை என்று கேட்கவில்லை. அன்றைக்குத்தான் என் மனசில் இருந்த முதல்நாள் கோபம் கரைந்தது என்று நினைக்கிறேன்.

அந்த மூக்கு அவருடைய கல்யாணத்தையும் விட்டுவைக்கவில்லை. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைக்குக் காபி டம்ளரை நீட்டும்போது, அவர் முந்தின ராத்திரி அடித்த சாராயத்தை இவர் கண்டுபிடித்து, சபையிலேயே சொல்லிவிட்டாராம். அடுத்து வந்தவரிடம் சாராய வாடை இல்லை, ஆனால் வேறு ஏதோ இருந்ததாம். என்னவென்று கேட்டால் சிரிப்பார். "மூக்கு ஜாஸ்தி வேல செஞ்சிது, கழுத்துக்கு ஒண்ணும் இல்லாம போச்சி" என்பார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் இருந்ததா என்று பலமுறை உற்றுப் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை.

கம்பெனியின் கதையை அவர் ஒரே நாளில் சொன்னதில்லை. கொக்கோ வறுபடுகிற நாளில் கொஞ்சம், கரண்ட் போன மத்தியானத்தில் கொஞ்சம். அப்பா டேனரியில் கணக்கு எழுதியவர். தோல் வாங்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் டேனரி முதலாளிக்குக் கொடுத்த சாக்லேட்டில் ஒரு துண்டு அவர் கைக்கு வந்திருக்கிறது. அதைப் பாதி தின்று, மீதியைச் சட்டைப்பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவர, பிள்ளைகள் மூன்று பேரும் பங்கு போட்டுத் தின்றார்கள். அப்போதே அது சட்டைப்பையில் உருகி, பேனா மசி வாடையோடு இருந்தது என்று சின்னக்கா சொல்வார். ஐந்து வயதிலேயே அப்படி ஒரு மூக்கு. அதற்குப் பிறகு அப்பாவுக்குத் தூக்கம் போய்விட்டது. தேங்காய் மிட்டாய் போட ஆரம்பித்து, அப்புறம் கொக்கோ வரவழைத்து, மாவரைக்கிற கல் கிரைண்டரில் இரவு பகலாக ஓட்டிப் பார்த்து, எத்தனையோ தடவை கெட்டுப்போய், கடைசியில் ஒருநாள் சாக்லேட் என்று சொல்லத்தக்க ஒன்று வந்துவிட்டது.

முதல் பெரிய ஆர்டர் ஒரு பள்ளிக்கூடத்தின் கிறிஸ்துமஸ் விழாவுக்கு. பெட்டிகளை ஏற்ற லாரி வந்து நின்றது. சின்னக்காவுக்கு அப்போது பத்து வயது.

"அப்பா, லாரி நாறுது, தோல் ஏத்திக்கினு வந்த லாரின்னு சொன்னேன். எங்கப்பா இன்னா சொன்னாரு தெரியுமா? இந்த ஊர்ல எது நாறல, போய்ப் படின்னாரு."

பெட்டி அத்தனையும் திரும்பி வந்தது. வாயில் வைத்த பிள்ளைகள் துப்பிவிட்டார்கள். அன்றையிலிருந்து அந்தக் குடும்பத்துக்கு ஊரில் தோல் மிட்டாய் வீடு என்று பெயர். பள்ளிக்கூடத்தில் அண்ணனை அப்படிக் கூப்பிட்டார்கள், அக்காவை அப்படிக் கூப்பிட்டார்கள், மாதா கோயிலில் பின்வரிசைப் பிள்ளைகள் இவருடைய முதுகுக்குப் பின்னால் மூக்கைப் பொத்திக் காட்டினார்கள். அப்பா பழையபடி டேனரிக் கணக்குக்கே போனார். இரண்டு வருஷம் கழித்து மறுபடியும் கிரைண்டரைத் துடைத்துப் போட்டபோது, ஒரு மர நாற்காலி செய்யச் சொல்லி, அதைக் கேட்டருகே போட்டு, மகளை உட்கார வைத்தார். தப்பு செய்துவிட்டேன் என்று பெண்பிள்ளையிடம் சொல்கிற வழக்கம் அந்தக் காலத்து அப்பாக்களுக்கு இல்லை. அவர் சொன்னது இவ்வளவுதான்: "இனிமே நீ போன்னு சொன்னாதான் எதுவும் உள்ள போவும், வெளிய போவும்."

அந்த நாற்காலிதான் இந்த நாற்காலி. இதை நீங்கள் மனசில் வைத்துக்கொண்டால்தான் நான் மேலே சொல்லப் போவது விளங்கும்.

கொரோனா வந்து கம்பெனி மூடி, மறுபடி திறந்த வருஷம். எல்லா வீட்டிலும் காய்ச்சல் வந்து போயிருந்தது. சின்னக்காவுக்கும் வந்தது. பிழைத்து வந்து வழக்கம்போல நாற்காலியில் உட்கார்ந்தார். நாங்களும் ஒவ்வொருத்தியாகத் தோளைக் காட்டிவிட்டு உள்ளே போனோம்.

ஒருநாள் விடியற்காலை முகூர்த்தம். என் நாத்தனார் மகள் கல்யாணம். தாலி கட்டியதைப் பார்த்துவிட்டு, சாப்பிடாமல்கூட ஓடிவந்தேன். வழியில் தூறல், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டிருந்தேன். சின்னக்கா கண்ணை மூடிக் குனிந்தார், மூச்சு இழுத்தார், "போ" என்றார். உள்ளே போய் முந்தானையை எடுத்தபோதுதான் கை பட்டது. தலையில் நாலு முழம் மல்லிகை அப்படியே இருந்தது. கல்யாணத்துக்கு வைத்ததை மறந்தே போயிருந்தேன்.

நாலு முழம் மல்லிகை எதிர் பிளாட்பாரத்தில் இருந்தாலே எழுந்து நிற்கிற ஆள் அவர். பூவைப் பிய்த்துக் குளியலறைக் குப்பையில் போட்டு, தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். மத்தியானம் அவர் அறைக்குப் போனேன். என் ஈரத்தலையைப் பார்த்தார்.

"தெரிஞ்சிபோச்சா?" என்றார்.

நாலு மாதமாக ஒன்றுமே தெரியவில்லையாம். கொக்கோ வறுக்கிற அறையில் நின்றால் சூடு தெரிகிறது, வாடை தெரியவில்லை. சாக்லேட் நாக்கில் மெழுகு மாதிரி கரைகிறது. வாடை திரும்பி வரும், காத்திருங்கள் என்கிறார் டாக்டர்.

"அண்ணங்கிட்ட சொல்லலியா?"

"சொன்னா அந்த நாற்காலில எனக்கு இன்னா வேல? வீட்ல ஒரு மூலைல உக்கார வெச்சி மூணு வேள சோறு போடுவாங்க. நல்லாத்தான் பாத்துக்குவாங்க." என்றவர், "அத நெனச்சாத்தான் எனக்கு பயமா இருக்குது" என்றார்.

வாய்க்கொழுப்புக்காரியான எனக்கு அன்று அழுகைதான் வந்தது. நானே அவருக்கு மூக்காக இருப்பதாகச் சொன்னேன். அவர் யோசித்தார். "ஒண்ணு. பொய் மட்டும் சொல்லாத" என்றார்.

மறுநாளிலிருந்து வருகை நோட்டை வைத்துக்கொண்டு நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் கண்ணை மூடிக் குனிவார். நானும் மூச்சை இழுப்பேன். ஒன்றும் இல்லையென்றால் சும்மா நிற்பேன், "போ" என்பார். வாடை இருந்தால் நோட்டைப் பட்டென்று மூடுவேன். சத்தம் கேட்டதும் "கழுவிக்கினு வா." வீட்டுக்குப் போனாலும் பழக்கம் விடவில்லை. புருஷன் சட்டையை முகர்ந்து பார்த்துக்கொண்டே நிற்பேன். "நீ இன்னா போலீஸ் நாயா?" என்று கேட்டார் மனுஷன்.

சாக்லேட் பதம் பார்ப்பதுதான் கஷ்டம். அறைக்கதவைச் சாத்திவிட்டு ஒரு துண்டை எனக்குக் கொடுப்பார். நல்லா இருக்குது என்றால் கோபித்துக்கொள்வார். "நல்லா இருக்குதுன்னு சொல்லாத. எத மாதிரி இருக்குதுன்னு சொல்லு." நான் தட்டுத்தடுமாறிச் சொல்வேன். முதலில் வறுத்த வேர்க்கடலைத் தொலி, அப்புறம் கொஞ்சம் புளிப்பு, நாவல்பழம் தின்ற மாதிரி, கடைசியில் வெல்லப்பாகு அடிப்பிடிக்கப் போகிற நேரத்து வாடை. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். தொண்டை ஏறி இறங்கும். நான் சொல்கிறதைத்தான் அவர் தின்கிறார் என்று எனக்குத் தோன்றும். "இன்னும் ரெண்டு மணி நேரம் ஓட்டச் சொல்லு" என்பார். சரியாகத்தான் இருக்கும்.

இப்படியே இரண்டு மாதம் ஓடியது. அப்போது முதலாளியின் மகன் பெங்களூர்க் கடைகளுக்கு ஒரு பெரிய ஆர்டர் பிடித்து வந்தான். நல்ல பையன், படித்தவன், அவசரக்காரன். எங்கள் ஏசி ரூமில் இடம் போதாமல், மூன்று நாளைக்கு வெளியே ஒரு குளிர் கிடங்கில் இடம் பிடித்துப் பெட்டிகளை வைத்திருந்தான். வேன் ஏற்றுகிற அன்று பெட்டிகளை முற்றத்தில் அடுக்கி, ஒன்றைப் பிரித்து, அத்தைக்கு நீட்டினான். அத்தை போ என்று சொல்லாமல் வண்டி கிளம்பாது, அது தாத்தா வைத்த சட்டம். முதலாளியும் வந்து நின்றார். நானும் கூட நின்றேன்.

அவர் ஒரு துண்டை ஒடித்து, கண்ணை மூடி, மூக்கருகே கொண்டுபோனார். ஒடித்த அந்தக் கணத்தில் எனக்கு வந்துவிட்டது. ஷூ கம்பெனியில் எட்டு வருஷம் குடித்த வாடை அது, என்னை ஏமாற்றாது. சொல்யூஷன், அதற்கு அடியில் புதுத்தோல். கிடங்கில் பக்கத்து அறையில் ஷூவையும் தோலையும் அடுக்கியிருக்க வேண்டும்.

நோட்டை மூட வேண்டும். கையில் நோட்டு இல்லை. அது கேட்டருகே, நாற்காலி மேல் கிடந்தது. காலையில் ஆட்களை உள்ளே விடத்தான் நோட்டு, பெட்டியில் போடுவதை முன்கூட்டியே அறையில் பதம் பார்த்துவிடுவதால் முற்றத்துக்கு அதை நான் கொண்டுவந்ததே இல்லை. சின்னக்கா கண்ணை மூடியபடியே காத்திருந்தார். சத்தம் எதுவும் வரவில்லை.

"போவலாம்" என்றார்.

டிரைவர் வண்டியில் ஏறினான். பேசினால் சின்னக்காவின் ரகசியம் போய்விடும். பேசாவிட்டால் பெங்களூரிலிருந்து தோல் மிட்டாய் என்ற பேர் திரும்பி வரும். "அக்கா" என்றேன்.

அவர் கண்ணைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்தார், பிறகு வெறுங்கையைப் பார்த்தார்.

"வண்டிய நிறுத்து."

"இன்னா அத்தை, இப்பதான் போவலாம்னீங்க?" என்றான் பையன். தானும் ஒரு துண்டை எடுத்து முகர்ந்தான். அவன் அடித்திருந்த சென்ட்டிலேயே எனக்கு மூச்சு முட்டியது. "எனக்கு ஒண்ணும் தெரியல. இந்தக்கா மூஞ்சப் பாத்துட்டா ஆர்டர நிறுத்துவீங்க?"

இரண்டாம் தடவை முகர்ந்தபோது தெரிந்தது என்று அவர் சொல்லியிருக்கலாம். யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். அவர் அப்படிச் சொல்வார் என்றுதான் நான் காத்திருந்தேன். அவர் அண்ணனைப் பார்த்துத் திரும்பினார்.

"எனக்கு ஆறு மாசமா மூக்கு இல்லண்ணா. இவதான் என் மூக்கு. லாரி நாறுதுன்னு நான் சொன்னப்ப அப்பா கேக்கல. இவ இன்னும் வாயத் தொறந்து சொல்லக்கூட இல்ல. ஆனா நான் கேக்கறேன்." என் பக்கம் திரும்பி, "சொல்லு. எத மாதிரி இருக்குது?"

"புது ஷூ டப்பாவத் தொறந்த மாதிரிக்கா" என்றேன்.

முதலாளி ஒரு துண்டை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே, காற்றாடப் போய் நின்று, வாயில் போட்டார். பள்ளிக்கூடத்தில் அந்தப் பேரைச் சுமந்த பையன் அவர். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. "எல்லாத்தையும் எறக்குங்க" என்றார். தங்கையைப் பார்க்காமலே உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை நாற்காலி காலியாக இருந்தது. கேட் திறந்திருந்தது, நோட்டு என் கையில் இருந்தது, நானே ஒவ்வொருத்தியையும் முகர்ந்து அனுப்பியிருக்கலாம். ஒருத்தியும் உள்ளே போகவில்லை. வரிசையில் நின்றவர்கள் நின்றபடியே இருந்தார்கள். யாரும் பேசிவைத்துச் செய்ததில்லை அது. முதலாளி வந்தார், பார்த்தார், ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு போனார். கால் மணி நேரத்தில் பின்சீட்டில் தங்கையை உட்காரவைத்துக் கூட்டிவந்தார்.

"எனக்குத்தான் ஒண்ணும் தெரியாதே, இன்னாத்துக்கு நிக்கிறீங்க?" என்றார் சின்னக்கா.

வரிசையில் முதலில் நின்ற மூத்தவள், கொக்கோ வறுக்கிறவள், "உனக்குத் தெரியலன்னா போவுது. எங்களுக்குப் பழக்கமாயிடிச்சி" என்று சொல்லித் தோளைக் குனிந்து காட்டினாள். சின்னக்கா நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணை மூடினார். நான் நோட்டோடு பக்கத்தில் போய் நின்றேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷத்துக்கு மேல் நான் அங்கே இருந்தேன். மூக்கு திரும்பவில்லை. என் வீட்டுக்காரருக்கு ராணிப்பேட்டையில் வேலை கிடைத்து, நாங்கள் கிளம்ப வேண்டி வந்தது. என் நோட்டை வாங்கிக்கொள்ள மூன்று பேர் போட்டி போட்டார்கள். அதனால் நான் போவதில் கம்பெனிக்கு ஒரு குறையும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கடைசி நாள் வேலை முடிந்து வெளியே வந்தபோது, சின்னக்கா கேட்டுக்கு அந்தப் பக்கம், ரோட்டில் நின்றிருந்தார். கையில் வாழையிலைப் பொட்டலம். உள்ளே முல்லைச் சரம். ஜன்மத்தில் பூ வாங்கியிராதவர், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தானே போய் வாங்கி வந்திருக்கிறார். என்னைத் திரும்பி நிற்கச் சொல்லித் தன் கையாலேயே என் தலையில் வைத்துவிட்டார். பிறகு முன்னால் வந்து, "எத மாதிரி இருக்குது, சொல்லு" என்றார்.

பொய் மட்டும் சொல்லாதே என்றவர் அவர்.

"நேத்துப் பூக்கா. ஈரத்துணில சுத்தி வெச்சிருந்து வித்திருக்காங்க. ஓரத்துல புளிச்ச வாடை வருது. உள்ள மட்டும் முல்ல இருக்குது, கம்மியா."

"இன்னிக்குப் பறிச்சதுன்னு சொன்னாளே."

"ஏமாத்திட்டாக்கா."

சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிப்பு பாதியிலேயே அவரிடமிருந்து போய்விட்டது. "இனிமே ஒரு முழம் பூ வாங்கணும்னாகூட நான் யாரக் கூப்புடுவேன்?" என்றார்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நின்ற மாதிரியே தோளைக் குனிந்து காட்டினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணை மூடி, நீளமாக ஒரு மூச்சு இழுத்தார்.

"போ" என்றார்.

ஆனால் கையை விடவில்லை. ராணிப்பேட்டை பஸ் ஒன்று எங்களைத் தாண்டிப் போயிற்று. அடுத்ததில்தான் நான் ஏறினேன்.